நல்ல உணவுச் சரக்கை எப்படிக் கண்டுபிடிப்பது? செட்டிநாட்டில் தொடங்கிக் கடல் கடந்து போகும் முழுமையான வழிகாட்டி

"செட்டிநாடு" என்று பலகை வைத்த ஓட்டல் இல்லாத பெரிய ஊர் இப்போது இல்லை. சென்னை, பெங்களூரு, துபாய், சிங்கப்பூர், லண்டன், எங்கே போனாலும் இருக்கிறது. அதில் பாதிக்குப் பாதி இடத்தில் கிடைப்பது சாயம் போட்டுச் சிவக்க வைத்த, மேலே எண்ணெய் மிதக்கிற, நாக்கு எரிகிற ஒரு குழம்பு. அந்த எரிச்சல்தான் எங்கள் ஊர்ச் சமையல் என்று வெளியூர்க்காரர்கள் நம்பிவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் எந்த ஊர்ச் சரக்கிலும் இதுதான் நடக்கும். இலங்கைப் பட்டை என்று சீனப் பட்டையை வாங்குவோம், கருப்பட்டி என்று சர்க்கரைப் பாகை வாங்குவோம், ஆலிவ் எண்ணெய் என்று எதையோ வாங்குவோம்.

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க இரண்டே கேள்விகளைச் சுற்றித்தான் போகும்: இது எதில் செய்தது, எப்போது செய்தது. உள்ளூர் முறுக்கானாலும் சரி, வியட்நாம் மீன் சாறானாலும் சரி, இந்த இரண்டுக்கும் நேரான பதில் கிடைக்கிற இடத்தில் வாங்கினால் பெரும்பாலும் ஏமாறமாட்டீர்கள். பழகிக்கொள்ள செட்டிநாட்டைவிட நல்ல இடம் இல்லை என்பது என் கட்சி. காரணம், இங்கே ஒரு வீட்டு மசாலா டப்பாவைத் திறந்தாலே பாதி ஆசியா உள்ளே உட்கார்ந்திருக்கும்.

1. மசாலா டப்பாவில் தொடங்குங்கள்

பட்டை இலங்கையின் சொத்து. அன்னாசிப்பூ தென் சீனாவிலும் வட வியட்நாமிலும் விளைவது. கிராம்பும் ஜாதிக்காயும் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளைப் பூர்விகமாகக் கொண்டவை. பெருங்காயம் இன்றைக்கும் பெரும்பாலும் ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கமிருந்துதான் வருகிறது. இமாசலத்தின் லாஹௌல் பகுதியில் 2020 அக்டோபரில்தான் முதல் நாற்றை நட்டுப் பார்த்தார்கள். செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் கொழும்பு, ரங்கூன், பினாங்கு, சைகோன் என்று கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்ய, போன காலத்தில் தேக்கும் பீங்கானும் கப்பலேறி வந்ததுபோல ருசியும் வந்தது. மிளகும் ஏலமும் பக்கத்து மலையிலேயே இருந்தது. ஆகவே காரைக்குடிக் கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடையில் நின்று ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்துப் பழகினால், அதே கண் கண்டியிலும் உதவும், கோலாலம்பூரிலும் உதவும்.

முதல் விதி: பொடியாக வாங்காதீர்கள், முழுசாக வாங்குங்கள். பொடித்த சரக்கில் எதைக் கலந்திருக்கிறார்கள் என்று அரைத்தவருக்கு மட்டும்தான் தெரியும்.

பட்டை: மெல்லிய காகிதம்போலப் பல அடுக்காகச் சுருண்டு, விரலால் நசுக்கினால் பொடியாக உதிர்ந்தால் அது இலங்கைப் பட்டை. மணம் மென்மையாக, இனிப்பாக இருக்கும். தடித்து, ஒரே அடுக்காகச் சுருண்டு, உடைக்கக் கஷ்டப்படுத்தினால் அது காசியா எனப்படும் வேறு மரத்தின் பட்டை. கடைகளில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். காசியா கெட்ட சரக்கு என்று நான் சொல்லமாட்டேன், கறிக் குழம்பில் அதன் முரட்டுத்தனம் நன்றாகவே நிற்கும். ஆனால் அதில் கூமரின் என்ற பொருள் அதிகம், தினமும் கஷாயம், டீ என்று சாப்பிடுகிறவர்களுக்கு அது கல்லீரலுக்கு நல்லதில்லை. இலங்கைப் பட்டையில் அது மிகச் சொற்பம். எது வேண்டுமோ அதைத் தெரிந்து வாங்குங்கள், இலங்கைப் பட்டையின் விலையைக் கொடுத்துவிட்டு காசியாவைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

கல்பாசி: செட்டிநாட்டு மசாலாவின் மணத்துக்குப் பாதிப் பொறுப்பு இதற்குத்தான். மலைப்பகுதியில் மரத்திலும் பாறையிலும் படர்கிற பாசி இனம், ஒரு பக்கம் சாம்பல் நிறம், மறுபக்கம் கறுப்பு. சும்மா முகர்ந்தால் மண்வாசனைதான் வரும், இதற்கா இந்த விலை என்று தோன்றும். சூடான எண்ணெயில் விழும்போதுதான் அது யாரென்று காட்டும். வாங்கும்போது பெரிய இதழ்களாக இருக்கிறதா, மரப்பட்டைச் சிம்பும் தூசியும் கலந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அன்னாசிப்பூ: இதழ் உடையாமல் எட்டு முனையோடு, உள்ளே பளபளப்பான விதையோடு இருக்க வேண்டும். இதைப்போலவே தோற்றமுள்ள ஜப்பானிய வகை ஒன்று உண்டு, அது நஞ்சு. அதனால் தெருவோரத்தில் பெயர் தெரியாத மூட்டையிலிருந்து இதை வாங்க வேண்டாம்.

மிளகு: ஒரு தம்ளர் தண்ணீரில் கொஞ்சம் போடுங்கள். கனமான மிளகு மூழ்கும். சொத்தையும், கலப்படத்துக்குப் போடுகிற பப்பாளி விதையும் மிதக்கும். கொடியில் நன்றாக முற்றிய பெருமணிகளைச் சலித்துப் பிரித்ததைத்தான் தெல்லிச்சேரி ரகம் என்று விற்கிறார்கள், அது பெரும்பாலும் அளவைக் குறிக்கும் பெயர். ரசத்துக்கு அந்த ஆடம்பரம் தேவையில்லை, மிளகு வறுவலுக்கு வாங்கினால் வித்தியாசம் தெரியும்.

கிராம்பில் நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும், தலைப்பூ உதிராமல் இருக்க வேண்டும். எண்ணெய் எடுத்துவிட்ட சக்கைக் கிராம்பும் சந்தைக்கு வருகிறது, அது தண்ணீரில் படுத்து மிதக்கும். மராத்தி மொக்கைப் பெரிய கிராம்பு என்று நினைத்து அதிகமாக அள்ளிப் போடாதீர்கள், கசந்துவிடும்.

மிளகாய்க்கு ராமநாதபுரம் முண்டு. உருண்டையாக, தடித்த தோலோடு, குலுக்கினால் விதை சத்தம் கேட்கிற மிளகாய். 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் பக்கத்துக் குழம்பின் காரமும் நிறமும் இதிலிருந்தே வர வேண்டும், சாயப்பொடியிலிருந்து இல்லை. மிளகாய்த்தூளைச் சந்தேகப்பட்டால் தண்ணீரின் மேல் ஒரு சிட்டிகை தூவிப் பாருங்கள். சிவப்புக் கோடு கோடாக இறங்கினால் சாயம் கலந்திருக்கிறது, அந்தக் கடைக்கு மறுபடி போக வேண்டாம்.

2. எந்தக் காலத்தில் போவது

எல்லாம் எப்போதும் கிடைக்கும் என்கிற கடையை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். கோடையில் வந்தால் பதநீர், நுங்கு, புதுக் கருப்பட்டி. ஆடியில் உளுத்தமாவில் கிண்டுகிற கும்மாயமும், கூழும். கார்த்திகைக்குப் பிறகு வருகிற பிள்ளையார் நோன்பில் நகரத்தார் வீடுகளில் இழை எடுக்கும் சடங்கின்போது போடுகிற பலகாரங்களைக் கடையில் தேடினால் கிடைக்காது, யாராவது வீட்டுக்குக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் போய்விடுங்கள், யோசிக்காதீர்கள். கல்யாண மாதங்களில் நல்ல சமையல்காரர்கள் எல்லோரும் கல்யாண வீட்டில் இருப்பார்கள், ஓட்டலில் ருசி கொஞ்சம் தூங்கும். மார்கழி, தை வெயில் தணிந்திருக்கும், ஊர் ஊராகச் சுற்ற வசதி.

போக்குவரத்தை ஒரு வரியில் முடித்துவிடலாம்: சென்னையிலிருந்து பல்லவன் ரயில் நேராகக் காரைக்குடிக்கு வருகிறது, விமானத்தில் வந்தால் மதுரை அல்லது திருச்சியில் இறங்கி, சாலை வழியாக இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை எல்லாம் அங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான்.

3. சாப்பிடும் இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது

மதியத்துக்குப் போங்கள். இங்கே சமையலின் முழு வீச்சும் மதிய இலையில்தான் தெரியும். இரவில் புரோட்டாக் கல் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான். ஒன்றரை மணிக்குள் உட்கார்ந்துவிட்டால் நல்லது, மூன்று மணிக்கு மேல் போனால் மீந்ததுதான். காரைக்குடி பங்களா மாதிரியான பாரம்பரிய விடுதிகளில் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். விலை அதிகம்தான். ஆனாலும் பதார்த்தங்களின் வரிசையை ஒரு முறையாவது முழுசாகப் பார்க்க அங்கே உட்காரலாம். அப்புறம் கடைவீதி மெஸ்களுக்குப் போய் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

மெஸ்ஸில் நுழைந்ததும் பக்கத்து இலையைப் பாருங்கள். மிளகுக் கோழி கரும்பழுப்பாக இருந்தால் உட்காருங்கள். ஆரஞ்சு நிறத்தில் மின்னினால் ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம். அடுத்து ரசம். நண்டு ரசமோ சாதா ரசமோ, அது நேற்றையதா இன்றையதா என்று ஒரு வாயிலேயே தெரிந்துவிடும். ரசம் நன்றாக இருக்கிற இடத்தில் மற்றதும் பெரும்பாலும் நன்றாக இருக்கும். மாற்றிச் சொன்னால் அப்படி இல்லை, கறி அருமையாக இருந்து ரசம் வெந்நீராக இருக்கிற கடைகள் உண்டு.

எல்லோரும் கோழியைத்தான் கேட்கிறார்கள், நான் காய்கறிப் பக்கம் திரும்பச் சொல்வேன். அரிசி கழுவிய தண்ணீரில் புளி கரைத்துச் செய்கிற வெண்டைக்காய் மண்டி, கத்தரிக்காயைச் சுட்டோ வேகவைத்தோ மசித்துச் செய்கிற கோசமல்லி, உருளைக்கிழங்கு வறுவல், தேங்காயும் சோம்பும் அரைத்துச் செய்கிற திரக்கல். இவற்றில் ஒளிந்துகொள்ள இடமில்லை. மசாலாவின் தரம், அரைத்த பதம், புளியின் அளவு எல்லாம் வெளியே தெரிந்துவிடும். அசைவத்தில் உப்புக்கறியைக் கேட்டுப் பாருங்கள். ஆட்டுக்கறி, வரமிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, உப்பு, நல்லெண்ணெய் என்று சாமான் குறைவு, அதனால் கறியின் தரம் உடனே வெளிப்படும். மீனும் நண்டும் தொண்டிப் பக்கத்துக் கடலிலிருந்து வருகிறதா, ஐஸ் பெட்டியில் எங்கிருந்தோ வருகிறதா என்று கேட்பதில் தப்பே இல்லை. நல்ல மீன் வைத்திருப்பவர் சந்தோஷமாகப் பதில் சொல்வார்.

யாரைக் கேட்பது? "இங்கே நல்ல ஓட்டல் எது?" என்று கேட்டால் உங்களைப் பார்த்துவிட்டு வெளியூர்க்காரர் போகிற ஓட்டலைக் காட்டுவார்கள். "அண்ணே, உங்க வீட்டுக்கு விருந்தாளி வந்தா எங்க வாங்குவீங்க?" என்று கேளுங்கள். பதில் மாறிவிடும். இந்தக் கேள்வி பினாங்கிலும் கொழும்பிலும்கூட வேலை செய்யும்.

4. பலகாரம் வாங்குவது

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம், ஏனென்றால் பெட்டி பெட்டியாக வாங்கிக்கொண்டு போய் ஊரில் பிரித்துப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் பலகாரத்தில்தான் அதிகம்.

முதலில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அங்கேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டியவை: வெள்ளைப் பணியாரம், பால் பணியாரம், கல்கண்டு வடை, மசாலா சீயம், இனிப்பு சீயம், ரங்கூன் புட்டு, கும்மாயம், உக்காரை. ஊருக்கு எடுத்துப்போகக் கூடியவை: தேன்குழல், சீப்பு சீடை, கைமுறுக்கு, மணகோலம், மாவுருண்டை, அதிரசம். கந்தரப்பம் இரண்டுக்கும் நடுவில், மறுநாளைக்குள் முடித்துவிடுவது உத்தமம்.

வெள்ளைப் பணியாரத்தைப் பொட்டலம் கட்டி வாங்கவே வாங்காதீர்கள். பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்து, அந்த அளவில் ஊறவைத்து வெண்ணெய்போல அரைத்து, ஒவ்வொன்றாக எண்ணெயில் ஊற்றி எடுப்பது. ஓரம் மெல்லிய பூவேலைபோலவும் நடு பஞ்சாகவும் இருக்கிற அந்தப் பதம் கால் மணி நேரம்தான் நிற்கும். ஆறிப்போனால் எண்ணெய் குடித்த தோசைதான். வரமிளகாய்ச் சட்னியோடு அடுப்படியிலேயே நின்று சாப்பிடுங்கள்.

எடுத்துப்போகிற பலகாரத்துக்கு நான் பார்க்கிறவை இவை. தேன்குழல் வெளுப்பாக இருக்க வேண்டும், சிவந்திருந்தால் எண்ணெய் பழசு அல்லது தீ அதிகம். சீப்பு சீடையைக் கடித்தால் தேங்காய்ப்பால் வாசனை வர வேண்டும், வெறும் மாவு வாசனை வந்தால் தண்ணீரில் பிசைந்துவிட்டார்கள். மாவுருண்டையில் வறுத்த பாசிப்பருப்பும் நெய்யும் தனித்தனியாக மூக்கில் ஏறும். வனஸ்பதி போட்டிருந்தால் மேலண்ணத்தில் மெழுகுபோல ஒட்டிக்கொள்ளும். மணகோலத்தில் பாகு ஒட்டாமல் உதிரியாக இருக்க வேண்டும். எதை எடுத்தாலும் முகர்ந்து பாருங்கள், காறல் வாடை லேசாக வந்தாலும் வைத்துவிடுங்கள், ஒரு வாரத்தில் அது முழுசாகக் கெட்டுவிடும்.

கேட்க வேண்டியதும் அதே இரண்டு கேள்விதான்: "ஆச்சி, இது என்னைக்குப் போட்டது? என்ன எண்ணெய்?" வீட்டில் செய்து தருகிற ஆச்சிமார் காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர் பக்கமெல்லாம் இருக்கிறார்கள். பலரும் சொல்லி வைத்தால்தான் செய்வார்கள், அதுவே நல்ல அறிகுறி. இரண்டு நாள் முன்பே சொல்லுங்கள், அளவைத் தெளிவாகச் சொல்லுங்கள், பேரம் பேசாதீர்கள். கைமுறுக்கைச் சுற்றுகிற கைக்குக் கிடைக்கிற கூலியைப் பார்த்தால் பேரம் பேச மனசு வராது. பாக்கெட்டில் வாங்கினால் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா, தயாரித்த தேதி அச்சாகியிருக்கிறதா, சேர்மானப் பட்டியலில் முதலில் என்ன வருகிறது என்று பாருங்கள். எடையில் அதிகமான பொருள்தான் முதலில் வர வேண்டும் என்பது விதி. நெய் முறுக்கு என்று பெரிதாக எழுதி, பட்டியலில் பாமாயில் முன்னாலும் நெய் கடைசியிலும் வந்தால் உங்களுக்கே புரிந்துவிடும்.

5. எண்ணெய், கருப்பட்டி, கவுனி

செக்கு நல்லெண்ணெய் வாங்கினால் எள் ஆட்டும்போது கருப்பட்டி போட்டு ஆட்டினார்களா என்று கேளுங்கள், எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஆட்டுகிற நாளில் போய் நின்று வாங்க முடிந்தால் அதைவிட மேல். அடியில் கொஞ்சம் கசடு இருப்பது குறையில்லை, தெளிய வைத்தால் போகும். மணமே இல்லாமல் கண்ணாடிபோல இருக்கிற "செக்கு" எண்ணெய்தான் சந்தேகத்துக்குரியது.

கருப்பட்டியில் ஏமாற்று வேலை அதிகம். உடைத்துப் பாருங்கள். உள்ளே சர்க்கரைக் கற்கள்போல மினுமினுத்தால் சீனி கலந்திருக்கிறது. நல்ல கருப்பட்டி மங்கலான கருநிறம், நாக்கில் வைத்தால் இனிப்புக்குப் பின்னால் லேசான கரிப்பும் புகை வாசனையும் வரும். சீனி விலைக்குச் சமமாகக் கருப்பட்டி கிடைத்தால் அது கருப்பட்டியே இல்லை. பனையேறுவது அவ்வளவு சுலபமான வேலையா என்ன?

கவுனி அரிசி பர்மாவிலிருந்து செட்டியார்கள் கொண்டுவந்தது என்றுதான் இங்கே சொல்வோம். 1942ல் ஜப்பான் படை ரங்கூனுக்குள் வந்தபோது பல குடும்பங்கள் வயலையும் வட்டிக் கடையையும் விட்டுவிட்டு வந்தன, அந்தச் சொத்தெல்லாம் பிறகு திரும்பவே இல்லை. அரிசி மட்டும் கல்யாணப் பந்தியில் நிலைத்துவிட்டது. இரவே ஊறவைத்தால் தண்ணீர் ஊதா நிறமாகும், ஒரு மணியைக் கடித்தால் உள்ளே வெள்ளையாக இருக்கும், வெந்தால் ஒட்டும். ஊறவைக்காமல் குக்கரை நம்பினால் பல்தான் வலிக்கும். வெந்ததும் சர்க்கரை, தேங்காய்த்துருவல், நெய். அவ்வளவுதான், முந்திரி திராட்சையெல்லாம் போட்டு அதை அலங்கரிக்க வேண்டியதில்லை.

6. புவிசார் குறியீட்டை எப்படிப் பயன்படுத்துவது

சுற்றுப்பயணத்தைத் திட்டமிட இது நல்ல பட்டியல். தமிழ்நாட்டில் மட்டும் பழனி பஞ்சாமிர்தம், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கொடைக்கானல் மலைப்பூண்டு, ஈரோடு மஞ்சள், கோவில்பட்டி கடலைமிட்டாய், மணப்பாறை முறுக்கு, உடன்குடிக் கருப்பட்டி என்று நீண்டுகொண்டே போகிறது. இதில் மணப்பாறை எங்களிடமிருந்து ஒரு நாளில் போய்வரக் கூடியது. அப்படியே புதுக்கோட்டையில் இறங்கி முட்டை மாஸ் வாங்கலாம், அதற்கு முத்திரை எதுவும் வேண்டியதில்லை. இதற்கான சட்டம் 1999ல் நிறைவேறி 2003ல் நடைமுறைக்கு வந்தது, பதிவகம் சென்னையில்தான் இருக்கிறது, இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம்.

ஆனால் ஒன்று. இந்தக் குறியீடு பெயருக்கும் ஊருக்கும் உள்ள உறவைப் பாதுகாக்கிறது. நீங்கள் கையில் எடுத்த அந்தப் பொட்டலம் இன்று காலை செய்ததா, போன மாதம் செய்ததா என்று அது சொல்லாது. மணப்பாறை பஸ் நிலையத்தில் விற்கிற எல்லா முறுக்கும் ஒரே தரம் இல்லை. முத்திரையைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுங்கள், கடையை நம் பழைய கேள்விகளை வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

7. கடல் கடந்து போகும்போது

இலங்கையிலிருந்து தொடங்கலாம், செலவும் குறைவு, பேச்சுத் துணைக்குத் தமிழும் உண்டு. பட்டையில் மிக மெல்லிய குச்சிகளுக்கு "ஆல்பா" (Alba) என்று பெயர், அதுதான் உயர்ந்த ரகம். சிலோன் பட்டைக்கு 2022ல் ஐரோப்பிய ஒன்றியமும் புவிசார் பாதுகாப்பு கொடுத்தது. தேயிலைப் பெட்டியில் வாளேந்திய சிங்க முத்திரையைத் தேடுங்கள். முழுக்க இலங்கையில் விளைந்து இலங்கையிலேயே பொட்டலமான தேயிலைக்குத்தான் அந்த நாட்டுத் தேயிலைச் சபை அதைத் தருகிறது. நுவரெலியா இலேசானது, பால் ஊற்றினால் காணாமல் போய்விடும். நமக்குப் பாலோடு வேண்டுமென்றால் தாழ்நிலத்து ருகுணு ரகம் தாங்கும். அங்கே எருமைத் தயிரில் கித்துள் பாணி (ஒரு வகைப் பனையின் பாகு) ஊற்றித் தருவார்கள், நம் கருப்பட்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி. யாழ்ப்பாணம் போனால் காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவும், அந்த மாவில் மீனும் நண்டும் போட்டுக் காய்ச்சுகிற கூழும். அதற்காக ஒரு நாள் கூடத் தங்கலாம்.

மலேசியா, சிங்கப்பூரில் கோப்பிக் கடைப் பேச்சைக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கோப்பி என்றால் கெட்டிப் பால் போட்டது, கோப்பி ஓ என்றால் பால் இல்லாமல் சர்க்கரை மட்டும், கோசோங் என்று சேர்த்தால் சர்க்கரையும் இல்லை. கொட்டையைச் சர்க்கரையும் மார்கரினும் சேர்த்து வறுப்பதால் நம் டிகிரி காபியை அங்கே தேடாதீர்கள், அது வேறு பானம். பினாங்கில் ஜாதிக்காயின் சதைப்பகுதியைச் சீவி இனிப்பாகவும் ஊறுகாயாகவும் சாறாகவும் விற்பார்கள். நாம் கொட்டையையும் பத்திரியையும் மட்டும் பார்த்தவர்கள், அந்தச் சதையின் ருசி புதிது. சரவாக் மிளகும் வாங்கலாம், நம்முடையதோடு வைத்து ஒப்பிட நன்றாக இருக்கும். உணவு அங்காடிகளில் வரிசை நீளத்தைப் பாருங்கள், அதிலும் அலுவலக உடையில் நிற்கிறவர்களின் வரிசையை. சுற்றுலாக்காரர் வரிசை படம் எடுக்க நிற்கிறது.

வியட்நாமில் சைகோன் போகிறவர்கள் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோவிலைப் பார்த்துவிட்டு, மீன் சாறு வாங்குங்கள். புகோக் தீவுச் சாறுக்குப் பெயர் அதிகம். சேர்மானத்தில் நெத்தலியும் உப்பும் மட்டும் இருக்க வேண்டும். புட்டியில் 40 என்ற எண்ணும் அதன் பக்கத்தில் நைட்ரஜனுக்கான குறியும் இருந்தால், லிட்டருக்கு அத்தனை கிராம் நைட்ரஜன், அதாவது மீனின் புரதச் சத்து, இருக்கிறது என்று அர்த்தம். எண் கூடக் கூட அடர்த்தி. மீன் குழம்பில் அரைக் கரண்டி விட்டுப் பாருங்கள், யாரிடமும் சொல்ல வேண்டாம்.

ஐரோப்பாவைச் சுருக்கமாக முடிக்கிறேன். பார்மெஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டியின் தோலில் பெயர் புள்ளிகளாகக் குத்தியிருக்கும், குறைந்தது 12 மாதம் பழுக்க வைத்தது. ஆலிவ் எண்ணெயில் "எக்ஸ்ட்ரா வர்ஜின்" என்றால் அமிலத்தன்மை 0.8 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கறுத்த புட்டி, அறுவடை செய்த ஆண்டு, இந்த இரண்டும் இருந்தால் வாங்குங்கள். மோதெனாவின் பாரம்பரிய பால்சாமிக் வினிகர் குறைந்தது 12 ஆண்டு மரப்பீப்பாயில் கிடந்தது, 100 மில்லி புட்டியில் மட்டுமே வரும். பெரிய புட்டியில் மலிவாகக் கிடைப்பது வேறு ரகம், சாலடுக்கு அதுவே போதும்.

8. காபி

வெளிநாட்டுக் கதை பேசிவிட்டு நம் காபியை விட்டால் தப்பாகிவிடும். பொடியில் சிக்கரி கலப்பது தப்பில்லை, எவ்வளவு என்று அச்சடித்திருக்க வேண்டும். காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விதி. கெட்டியான டிகாக்‌ஷன் வேண்டுபவர்களுக்கு 80க்கு 20 சரியான கலவை என்பது என் எண்ணம், அதற்கு மேல் சிக்கரி போனால் கசப்பும் நிறமும்தான் மிஞ்சும். குளிர்ந்த தண்ணீரில் பொடியைத் தூவினால் காபி கொஞ்ச நேரம் மிதக்கும், சிக்கரி உடனே நிறம் விட்டுக்கொண்டு இறங்கும். வறுத்து அரைத்துத் தருகிற கடையில் பீபரியும் பிளான்டேஷன் ஏ ரகமும் பாதிப் பாதியாகக் கேளுங்கள். நூறு, இருநூறு கிராமுக்கு மேல் ஒரே தடவையில் வாங்காதீர்கள்.

9. பெட்டி கட்டும்போது

இதைக் கவனமாகப் படியுங்கள். கசகசா சேர்க்காத செட்டிநாட்டுக் குருமா அபூர்வம். ஆனால் ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் கசகசாவுக்குத் தடை, போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. தனியாக மட்டுமில்லை, குருமாப் பொடியில் கலந்திருந்தாலும் வம்புதான். வீட்டில் அரைத்த மசாலாவை மகனுக்கோ மகளுக்கோ கொடுத்தனுப்புகிற அம்மாக்கள் கசகசாவை விட்டுவிட்டு அரைக்க வேண்டும், முந்திரி போதும்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் எந்தத் தின்பண்டமானாலும் படிவத்தில் எழுதிக் காட்டிவிடுங்கள். காட்டினால் அதிகபட்சம் குப்பையில் போடுவார்கள், மறைத்தால் அபராதம். கொப்பரைத் தேங்காயை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். மிளகாய்த்தூள், ஊறுகாய், எண்ணெய் எல்லாம் கைப்பையில் வேண்டாம். பலகாரத்தைத் தகர டப்பாவில் அடுக்கி, மேலே காலியிடம் இல்லாமல் காகிதத்தைச் சுருட்டி அடைத்தால் சீப்பு சீடை முழுசாகப் போய்ச் சேரும். சூடு ஆறாமல் மூடியைப் போடாதீர்கள், வேர்த்துப் போய் நமுத்துவிடும்.

10. வீட்டுக்கு வந்த பிறகு

வாங்கிய நாளையும் ஊரையும் டப்பாவில் எழுதி ஒட்டுங்கள். மூன்று மாதம் கழித்து எது காரைக்குடி மிளகு, எது சரவாக் மிளகு என்று யாருக்கும் நினைவிருக்காது. அப்புறம் ஒரு மதியம் இரண்டையும் தனித்தனியாக நசுக்கி, உப்பு மட்டும் போட்ட வெறுஞ்சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து சாப்பிட்டுப் பாருங்கள். குழம்பில் போட்டால் வித்தியாசம் மறைந்துவிடும், சோற்றில் மறையாது. பட்டைக்குப் பாலில் கொதிக்க வைத்துப் பார்க்கலாம், தேயிலைக்குப் பால் இல்லாமல்.

மசாலாச் சரக்கை அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியில் வைக்காதீர்கள், சூட்டில் எண்ணெய்ச் சத்து போய்விடும். முண்டு மிளகாயை ஒரு நல்ல வெயிலில் காயவைத்து, காம்போடு மூடி வையுங்கள். நல்லெண்ணெயை எவர்சில்வர் தூக்கிலோ கறுத்த புட்டியிலோ ஊற்றி வைக்கலாம். கல்பாசிக்கு மட்டும் தனி டப்பா வேண்டும், ஏலக்காயோடு சேர்த்து வைத்தால் அடுத்த பாயசத்தில் குருமா வாசனை வரும்.